பத்தொன்பது நிமிஷ சிலிண்டர்

பத்தொன்பது. முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரின் பக்கவாட்டில் முப்பது நிமிடம் என்று அச்சடித்திருக்கும். அது நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற ஆளுக்கான கணக்கு. கனமான கோட்டும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயை இழுத்தபடி புகைக்குள் நுழைகிற தீயணைப்பு வீரருக்கு இருபத்தைந்து வந்தாலே நல்ல பேர். இவருக்குப் பத்தொன்பதுதான். போன வருடப் பயிற்சியில் அளந்தபோது, மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி வேறு மீட்டர் கொண்டுவரச் சொன்னார். வேறு மீட்டரும் பத்தொன்பதே சொன்னது.

நிலையத்தில் அவருக்குப் பெயர் சிம்னி. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வயது நாற்பத்தாறு. அகன்ற தோள், அதைவிட அகன்ற சிரிப்பு, சிரித்து முடித்ததும் கூடவே வரும் ஒரு நீண்ட இருமல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கு எரிந்தது. அணைத்துவிட்டு வெளியே வந்தபோது மூத்தவர்கள் வண்டியின் படியில் வரிசையாக உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்கள். "இந்தா, நீயும் ஆளாகிட்ட" என்று இவருக்கும் ஒன்றை நீட்டினார்கள். அன்றிலிருந்து பெரிய தீயை அணைத்த கையோடு சின்னத் தீயை மூட்டுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அப்புறம் தீ இல்லாத நாளிலும் மூட்டினார். தீ இல்லாத நாட்கள்தான் அதிகம் என்பதால் சிகரெட்டும் அதிகமானது.

புகைக்குள் போகும் முகமூடி அணிக்கு ஒரு விதி உண்டு. எப்போதும் ஜோடியாகத்தான் உள்ளே போக வேண்டும், ஜோடியாகத்தான் வெளியே வர வேண்டும். முதுகிலிருக்கும் சிலிண்டரில் கால் பங்கு காற்று மிச்சமாகும்போது ஒரு விசில் தானாக அடிக்கும். யாருடைய விசில் முதலில் அடிக்கிறதோ, அந்த நொடியே இரண்டு பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். மற்றவரிடம் பாதிக் காற்று இருக்கிறதே என்றெல்லாம் பேச்சே கிடையாது.

சிம்னியின் ஜோடி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். மீன்குட்டி என்று கூப்பிடுவார்கள். கழுத்துக்குக் கீழே எங்கேயோ செவுள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது நிலையத்தின் பொதுவான அபிப்பிராயம். அவ்வளவு சிக்கனமாக மூச்சு விடுவாள். அதனால் ஒவ்வொரு முறையும் அவருடைய விசில் அடித்து, அவள் முதுகில் பாதி நிறைந்த சிலிண்டரோடு வெளியே வருவாள். வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நிலைமை மாறியது. மரச்சாமான் கடையின் நிலத்தடித் தளத்தில் தீ. ஆட்கள் யாரும் உள்ளே இல்லை என்பது உறுதியாகிவிட்டது. தீ எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டும் தெரியவில்லை. சிம்னியும் மீன்குட்டியும் படியிறங்கி, சுவரைத் தடவித் தடவி, சோபாக்களுக்கு நடுவே ஊர்ந்து போனார்கள். மூலையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. "அதோ!" என்று அவள் கை காட்டிய அதே நேரத்தில் அவர் முதுகில் விசில் அடித்தது. திரும்பினார்கள். அடுத்த ஜோடி சிலிண்டர் மாட்டி, படியிறங்கி, அதே மூலையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கட்டில்கள் இருந்த பாதி அறை போய்விட்டது.

நிலைய அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் கொஞ்சம் உதறல். இருவருடைய மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவங்க சிலிண்டர்ல பாதிக்கு மேல இருக்கு. உங்களோடது காலி. வெளிய கொண்டுவந்த இந்தப் பாதிக் காத்தை வச்சு அந்தத் தீயை அணைச்சிருக்கலாம், இல்லையா?"

"சார், எனக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு. காத்து அதிகமா புடிக்கும்."

"உடம்பு புடிக்கிறது கொஞ்சம்தான் சார்," என்றாள் மீன்குட்டி, கையுறையைக் கழற்றியபடி. "அண்ணன் புடிக்கிறதுதான் ஜாஸ்தி."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சுப் பயிற்சிக் கோபுரத்துல பரீட்சை. நீங்க ரெண்டு பேரும் புகைக்குள்ள ஏறிப் போய், பொம்மையைத் தேடித் தூக்கிட்டு வெளிய வரணும். அதுக்குள்ள விசில் அடிச்சா, உங்களுக்கு முகமூடி அணி கிடையாது. போன் அறைக்குப் போயிடுங்க."

போன் அறை என்றால் அபாய அழைப்புகளை வாங்கும் அறை. குளிர்சாதனம் உண்டு, நல்ல நாற்காலி உண்டு. சிம்னிக்கு அது தண்டனைத் தீவு. ஒருமுறை ஆள் இல்லாமல் ஒரு வாரம் அங்கே உட்கார வைத்தார்கள். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "எங்க எரியுது? சீக்கிரம் சொல்லுங்க! எங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில், சமையலறையில் தீ என்று கூப்பிட்ட பெண்மணி பயந்துபோய், "ஐயோ, உங்களுக்கு என்னங்க ஆச்சு? நான் யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று இவரை விசாரித்தார். மேலும், தீ எரியும் இடத்தை விட்டுவிட்டு அதைப் பற்றிக் காதால் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குச் செத்துப்போவதற்கு அடுத்த நிலை.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"நான் சிகரெட்டை விட்டுடப் போறேன்."

"என்னங்க, இது எனக்கு மனப்பாடம். ராகம் போட்டே பாடிடுவேன்."

"இந்தத் தடவை நிஜம்."

"போன தடவையும் நிஜம்தான். அதுக்கு முந்தின தடவை ரொம்ப நிஜம்."

சிம்னி ரோஷப்பட்டார். யாரிடமும் சொல்லாமல், யார் உதவியும் இல்லாமல் மறுநாளே நிறுத்தினார். முதல் நாள் தாக்குப்பிடித்தார். இரண்டாம் நாள் பல்பசைக் குழாயின் மூடி உருண்டு ஓடியதற்கு அதைத் திட்டினார், அப்புறம் குழாயைத் திட்டினார், அப்புறம் அதைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. மூன்றாம் நாள் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒன்றை இழுத்தார். தொட்டிக்கு மேலே நீலமாகப் புகை எழும்பியதைப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த ஓட்டுநர் ஓடிவந்தார்.

"யோவ், தண்ணித்தொட்டி எரியுதுன்னு நெனச்சுட்டேன்யா!"

மீன்குட்டிதான் கடைசியில் அவரை நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினாள். அனுப்பினாள் என்பது மரியாதையான சொல். வேலை முடிந்து கிளம்பியவரைத் தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்து, மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, அவர் உள்ளே போகும்வரை எஞ்சினை அணைக்காமல் நின்றாள்.

அங்கே ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பரிசோதனை செய்கிற பெண் கால்பந்து மைதானத்தில் நிற்பவள் போலக் கத்தினாள்: "இழுங்க, நல்லா இழுங்க! இப்போ ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்!" சிம்னி கண்கள் பிதுங்க ஊதினார். கம்ப்யூட்டரில் ஒரு மலை வரைந்ததுபோல் கோடு வந்தது. மலை என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் குள்ளம்.

மருத்துவர் நரைத்த, குறும்பான மனிதர். "உங்க வயசு நாப்பத்தாறு. உங்க நுரையீரலுக்கு அறுபது தாண்டிடுச்சு."

"அப்போ அதுக்கு ரிட்டயர்மெண்ட் ஆயிடுச்சா டாக்டர்?"

"ஆகல. லீவு கேக்குது. குடுத்துப் பாருங்க." பிறகு விளையாட்டை நிறுத்திவிட்டு நேராகச் சொன்னார். "சேதமான இடம் முழுசா பழையபடி வராது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா உள்ள இருக்கிற வீக்கமும் சளியும் குறையும். மிச்ச இடம் ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிக்கும். இன்னைக்கு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்லயே ரத்தத்துல கலந்திருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷவாயு போயிடும். சில வாரத்துல மாடி ஏறும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே நிறுத்திப் பார்த்தீங்களா?"

"நிறைய தடவை. தனியாத்தான்."

"ஏன் தனியா? தீயணைக்கத் தனியாவா உள்ள போவீங்க?"

சிம்னியை அவருடைய வேலையின் முதல் விதியை வைத்தே மருத்துவர் மடக்கிவிட்டார்.

தோளில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை, திடீரென்று ஆசை கிளம்பும்போது மெல்லுவதற்கு நிகோடின் சூயிங்கம், புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இலவசத் தொலைபேசி எண். இந்த மூன்றோடும் வெளியே வந்தார். சும்மா மனஉறுதியை மட்டும் நம்புவதைவிட, மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் விடுவதற்கான வாய்ப்பு நன்றாகக் கூடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். போன் அறைக்குப் பயந்து ஓடுகிற மனிதர், அன்றே ஒரு போனை எடுத்துப் பேச வேண்டியதாயிற்று.

மறுமுனையில் பொறுமையான ஒரு பெண்குரல். சிம்னி அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. போன் மேடம் என்றுதான் சொல்வார்.

"எப்போ எல்லாம் புடிக்கிறீங்க சார்?"

"எப்போ புடிக்கிறதில்லைன்னு கேளுங்க மேடம், சீக்கிரம் முடிஞ்சிடும்."

போன் மேடம் சிரித்தார். ஆனால் விடவில்லை. ஒன்றொன்றாக வரவழைத்தார். காலையில் டீயோடு. சாப்பாட்டுக்குப் பிறகு. யாராவது திட்டினால். எல்லாவற்றையும்விட, தீயை அணைத்துவிட்டு வண்டிப் படியில் உட்காரும்போது.

"அந்தக் கடைசி ஒண்ணுதான் கஷ்டம், இல்லையா? ஆசை வந்தா அஞ்சு நிமிஷம்தான் சார் அலைக்கழிக்கும், அப்புறம் தானா இறங்கிடும். அந்த அஞ்சு நிமிஷம் கை சும்மா இருக்கக் கூடாது. அங்க கைக்கு என்ன வேலை இருக்கு?"

சிம்னி யோசித்தார். ஒரு வேலை இருந்தது. தீ அணைந்த பிறகு தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவது. ஈரம், சேறு, கனம். எல்லோரும் சிறுநீர் வருகிறது, போன் வருகிறது என்று நழுவும் வேலை.

"இருக்கு மேடம். அதுக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டாங்க."

சிகரெட்டை விடும் நாளாக முன்கூட்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார், எல்லோரிடமும் சொன்னார், வீட்டிலிருந்த லைட்டர்களையும் சாம்பல் கிண்ணத்தையும் மனைவியே குப்பையில் போட்டார். திங்கட்கிழமை ஒரு பழைய டயர் கடையில் தீ. அணைந்ததும் மற்றவர்கள் படியைப் பார்த்து நடக்க, சிம்னி குழாயைப் பார்த்து நடந்தார். தனி ஆளாக எல்லாக் குழாய்களையும் சுருட்டினார். ஓட்டுநர் அசந்துபோய் நின்றார். அந்த வாரம் முழுக்க இதே கதை. அதற்குப் பிறகு நிலையத்தில் சிம்னி சிகரெட்டை விடுவதற்கு இருந்த ஆதரவைப் பார்க்க வேண்டுமே!

"இங்க பாருய்யா," என்று ஓட்டுநர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "இனிமே சிகரெட்டைத் தொட்ட, நடக்கிறதே வேற. உன் நுரையீரலுக்காக இல்ல, என் இடுப்புக்காகச் சொல்றேன்."

சூயிங்கத்தில்தான் ஒரு தகராறு. மிட்டாய் மாதிரி கடகடவென்று மென்று விழுங்கினார். ஒரு அழைப்புக்குப் போகும் வழியில் விக்கல் பிடித்துக்கொண்டது. முகமூடிக்குள் விக்கல் எடுத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் மீன்குட்டி நடித்தே காட்டுவாள்: ஒவ்வொரு விக்கலுக்கும் வால்வு "டக்" என்று திறந்து மூடும். உள்ளே ஒரு தவளையோடு போனது போல இருந்ததாம். "மெதுவா மெல்லணும் சார்," என்று போன் மேடம் விளக்கினார். "காரம் மாதிரி ஒரு சுருக்குனு வந்ததும் நிறுத்திட்டு, கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கணும். அந்தச் சுருக்கு போனதும் மறுபடி மெல்லணும். இது மிட்டாய் இல்ல, மருந்து."

இரண்டாவது வாரத்தில் இருமல் குறையும் என்று பார்த்தால் கூடியது. காலையில் எழுந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். சளி வந்தது, நிறைய வந்தது. அவர் மனைவி தண்ணீரை நீட்டிக்கொண்டே முகத்தைச் சுளித்தார்.

"புடிச்சப்போ கூட இவ்வளவு இருமலையே நீங்க? விட்டா நல்லாகும்னு சொன்னாங்க, இது உல்டாவா இருக்கே."

சிம்னிக்கும் அதே பயம்தான். தித்திப்பான ஒரு யோசனையும் அதற்குள் ஒளிந்திருந்தது: இது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே மறுபடி ஆரம்பித்துவிடலாம். நல்லவேளையாக முதலில் போன் மேடத்தைக் கூப்பிட்டார்.

"மூச்சுக்குழாய்க்குள்ள சின்னச்சின்ன முடி மாதிரி இருக்கும் சார். அழுக்கையும் சளியையும் பெருக்கி மேல தள்ளுறது அதோட வேலை. இத்தனை வருஷம் புகையில மயங்கிக் கெடந்துச்சு. இப்போதான் முழிச்சுப் பெருக்க ஆரம்பிச்சிருக்கு. கொஞ்ச வாரம் குப்பை வரத்தான் செய்யும். ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ மட்டும் உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க."

"அப்போ இது வீடு கூட்டுற தூசியா?"

"அப்படித்தான்."

மனைவியிடம் போய் அதையே சொன்னார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உங்க உடம்புக்குள்ளயாவது யாரோ வீடு கூட்டுறாங்களே" என்றார்.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. அவருடைய மச்சான், அதாவது தங்கையின் கணவர், வீடு மாற்றினார். அலமாரி தூக்கப் போன சிம்னி, வேலை முடிந்து மொட்டை மாடியில் நின்றபோது மச்சான் சிகரெட் பெட்டியை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு மச்சான். இவ்வளவு பெரிய அலமாரியைத் தூக்கியிருக்கீங்க." கையில் குழாய் இல்லை, சூயிங்கம் கீழே கழற்றிவைத்த சட்டையின் பையில். சிம்னி வாங்கி இழுத்தார். தலை சுற்றியது, வாய் கசந்தது, இருந்தும் முழுவதும் இழுத்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு பெட்டி வாங்கலாமா என்று கடை வாசலில் நின்றார். எப்படியும் கெட்டுப்போயாச்சே, இனி என்ன? அப்படியே நின்றபடி மீன்குட்டியைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு புடிச்சிட்டேம்மா."

திட்டுவாள் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"ஒண்ணுதானே அண்ணே? அணைச்ச இடத்துல மறுபடி பொறி கிளம்பினா என்ன பண்ணுவோம்? 'போச்சு, முழுக் கட்டடமும் எரியட்டும்'னு வண்டியை எடுத்துட்டு வந்துடுவோமா?"

"தண்ணி அடிப்போம்."

"அப்போ அடிங்க. கடை வாசல்லதானே நிக்கிறீங்க? குரல்லயே தெரியுது. நடங்க முதல்ல."

நடந்தார். மறுநாள் போன் மேடமும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்: ஒரு சிகரெட் ஒரு சிகரெட்தான், அதனால் இத்தனை வாரம் விட்டது இல்லாமல் போகாது, பட்டையைத் தொடர்ந்து ஒட்டுங்கள். மச்சானைக் கூப்பிட்டு, இனிமேல் தன் முன்னால் நீட்டினால் அவர் வீட்டு அலமாரியை மறுபடி பழைய வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சிம்னி எச்சரித்தார்.

அதற்கடுத்த வாரம் நடந்ததைத்தான் அந்த நிலையத்தில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மதியம், சாப்பாடு முடிந்த நேரம். சிம்னி ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். சில நாட்களாக அவருக்கு ஆரஞ்சின் மேல் தீராத மோகம். தோலைக் கிள்ளினால் மூக்கில் ஒரு பளீர். சோப்பு, மழை பெய்த சிமென்ட், மனைவியின் தலைமுடி என்று ஒவ்வொன்றாக வாசனைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தவர், தாழ்வாரத்தில் சட்டென்று நின்றார்.

புகை வாசனை. சந்தேகமே இல்லை. கருகிய பிளாஸ்டிக், எரிந்த மரம், உருகிய ரப்பர் எல்லாம் கலந்த கனமான நெடி.

ஆரஞ்சு கீழே விழுந்தது. "தீ! தாழ்வாரத்துல தீ!" என்று அவர் போட்ட கத்தலும், சுவரில் இருந்த பொத்தானை அவர் குத்திய குத்தும் சேர்ந்து கட்டடத்தையே தூக்கின. மணி அலறியது. ஆட்கள் ஓடினார்கள். வண்டியைக் கிளப்பி வாசல் வரை ஓட்டிவிட்டார் ஓட்டுநர். எங்கே போவது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீ நிலையத்துக்குள்ளேயே என்றார்கள். வண்டியை மறுபடி பின்னால் எடுத்தார். அதிகாரி கையில் சாப்பாட்டுக் கரண்டியோடு வந்தார். மீன்குட்டியும் இன்னொருவரும் மின்பலகை, கூரை, குப்பைக் கூடை, சமையலறை எல்லாம் பார்த்துவிட்டார்கள். வெப்பம் காட்டும் கேமராவைச் சுவரெல்லாம் ஓட்டினார்கள். ஒன்றுமில்லை.

"எங்கண்ணே வாசனை?"

"இங்கதான்! உங்களுக்கு யாருக்கும் வரலையா? மூக்குல அடைப்பா எல்லாருக்கும்?" சிம்னி நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். இடப்பக்கம் திரும்பினார். வாசனை கூடியது. இன்னும் இரண்டு அடி. மூக்கு நேராகப் போய் முட்டிய இடத்தில், கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன அவர்களுடைய தீயணைப்புக் கோட்டுகள்.

அவர் ஒரு கோட்டின் கையைத் தூக்கி முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். அதன் கழுத்தில் அவருடைய எண்ணே தைத்திருந்தது.

"இத்தனை வருஷமா..." என்றார் தாழ்ந்த குரலில். "இதுலயா நான் கெடந்தேன்?"

முதலில் வெடித்தது ஓட்டுநர். "நம்ம நிலையத்துக்கே எங்களை வண்டி எடுக்க வச்ச ஒரே ஆளு நீதான்யா!" அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மீன்குட்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கோட்டை முகர்ந்து பார்த்தார்கள். தினமும் அந்த வாசனைக்குள் வாழ்கிறவர்களுக்கு உற்றுக் கவனித்தால்தான் தெரிந்தது. தெரிந்தபின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அதிகாரியும் ஒன்றை முகர்ந்தார். கரண்டி இன்னும் கையில்தான். "இந்தக் கரியும் நல்லதில்ல. இதுவும் உள்ளதான் போகுது," என்றார். அந்த வாரமே கோட்டுகள் சலவைக்குப் போயின. ஒவ்வொரு தீக்குப் பிறகும் கோட்டை வெளியிலேயே கழுவ வேண்டும், தாழ்வாரத்தில் மாட்டக் கூடாது, தனி அறையில்தான் மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொய் மணி அடித்ததற்காக விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று சிம்னி காத்திருந்தார். கேட்கவில்லை. ஆனால், "மூக்கு வந்துடுச்சு போல. மூச்சு வந்துச்சான்னு கோபுரத்துல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இருந்த கலகலப்பெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியது.

பரீட்சை நாள் வெயில் நாள். பயிற்சிக் கோபுரம் என்பது நிலையத்தின் பின்னால் நிற்கும் ஜன்னல் இல்லாத சிமென்ட் கட்டடம். உள்ளே கருவியால் புகை நிரப்பியிருந்தார்கள். மேலே ஏதோ ஒரு மாடியில், ஒரு முழு ஆளின் கனமுள்ள பொம்மை கிடக்கிறது. எந்த மாடி என்று சொல்ல மாட்டார்கள். அதிகாரி வாசலில் நின்றார். ஓட்டுநர் யாருக்கும் தெரியாமல் சாமி கும்பிடுவது போலக் கைகளைக் கோத்து வைத்திருந்தார். குழாய் சுருட்டுவதற்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்குமே என்ற கவலை அவருக்கு.

உள்ளே போனதும் சிம்னி பழைய சிம்னியாகிவிட்டார். விசில் அடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் முதல் மாடிப் படிகளைத் தாவித் தாவி ஏறினார். மூச்சு இரைத்தது. மீட்டர் முள் இறங்குவது கண்ணில் பட்டது. அதைப் பார்த்த பயத்தில் இன்னும் இரைத்தது. மீன்குட்டி அவர் தோள்பட்டையை ஒருமுறை அழுத்தினாள். வாயால் சொன்னால் காற்று செலவாகும்.

நின்றார். சுவரில் கை வைத்தபடி மெதுவாக வெளியே விட்டார், மெதுவாக இழுத்தார். போன மாதங்களில் ஒவ்வொரு ஆசையும் கிளம்பும்போது செய்து செய்து பழகிய மூச்சு அது. நெஞ்சு அடங்கியது. அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. "ஸ்ஸ்... டக்." இடைவெளி. "ஸ்ஸ்... டக்." மீன்குட்டியின் வால்வு. இத்தனை வருடம் பக்கத்தில் ஊர்ந்தும் அவர் அதைக் கேட்டதே இல்லை. அவருடைய சொந்த இரைச்சல் மற்ற எதையும் கேட்க விட்டதில்லை.

இரண்டாம் மாடியில் இல்லை. மூன்றாம் மாடியில், கதவுக்குப் பின்னால், சுவரோரமாக பொம்மை கிடந்தது. அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, அவள் கால்களைப் பிடித்தாள். இறங்குவது ஏறுவதைவிட மோசம். பொம்மையின் தலை அவர் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முதுகு அந்த விசிலுக்காகக் காத்திருந்தது. கடைசித் திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஓடலாம் என்று கால் துடித்தது. ஓடவில்லை. நடந்தே வெளியே வந்தார்.

பொம்மையைப் புல்லில் இறக்கினார்கள். விசில் அடிக்கவில்லை. ஓட்டுநர் கத்த ஆரம்பித்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, குனிந்து இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மீன்குட்டியுடையதில் தாராளமாக மிச்சம். சிம்னியுடையது விசிலுக்கு மிக அருகில், ஆனால் மேலே.

"மயிரிழைதான்," என்றார் அதிகாரி.

"இழை இருக்கில்ல சார்," என்றார் சிம்னி, முகமூடியைக் கழற்றியபடி. கொஞ்சம் இருமினார். அப்புறம் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் இருமல் வரவில்லை.

"அண்ணே, அடுத்த தடவை முதல் மாடியில ஓடினீங்க, உங்களை விட்டுட்டு நான் பொம்மையோட வந்துடுவேன்," என்றாள் மீன்குட்டி. "அது உங்களைவிடக் கம்மியா மூச்சு விடுது."

அதிகாரி முகமூடி அணியில் சிம்னியை ஒரு வருடத்துக்கு வைத்திருக்க ஒப்புதல் தந்தார். அதற்குப் பிறகு மறுபடி கோபுரம், மறுபடி மீட்டர். மருத்துவர் தோளில் ஒட்டும் பட்டையின் அளவைக் குறைத்திருக்கிறார். அது இன்னும் சில வாரங்களுக்கு. ஊதும் பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலைப் பணிமுறையில், முதல் வண்டியில், சிம்னியும் மீன்குட்டியும் ஜோடியாக வேலைக்குப் போகிறார்கள்.